வயலினுக்கு முன்பே இங்கே வில் இருந்தது

கேள்வி இது: "வயலின் வெளிநாட்டுக் கருவி என்கிறார்கள். இராவணன் காலத்திலேயே அது நம்மிடம் இருந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். வயலின் வருவதற்கு முன் இந்தியாவில் வில்லால் வாசிக்கும் கருவிகள் இருந்தனவா? இருந்தன என்றால், கர்நாடக சங்கீதம் அவற்றை விட்டுவிட்டு வயலினை ஏன் எடுத்துக்கொண்டது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருந்தன. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து மணிப்பூர் வரைக்கும், கீழே கேரளத்தில் நாகங்களை வழிபடும் சர்ப்பக் காவுகள் வரைக்கும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. வயலின் அவற்றிலிருந்து பிறந்ததற்குச் சான்று கிடையாது. அது 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருவானது. கிரெமோனா ஊரில் ஆந்திரேயா அமாத்தி செய்த வயலின்களைப் பார்த்தால் இன்றைய வடிவம் அப்போதே வந்துவிட்டது தெரியும். கர்நாடக சங்கீதம் ஏன் வயலினை எடுத்துக்கொண்டது என்ற கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குள்ளும் இருக்கும் கேள்வி அது.

தமிழில் 'வில்' என்றதும் ஒரு குழப்பம் வரும். அதை விலக்கிவிடலாம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். அதை அவன் விரலால் தெறித்து வாசிக்கிறான்; வில் அங்கே கருவியின் உடல். வில்லுப்பாட்டில் நாணை வீசுகோலால் அடிக்கிறார்கள். இந்தக் கேள்விக்குரிய வில் வேறு. குதிரை வால் மயிரை ஒரு கோலில் இழுத்துக் கட்டி, அதற்குப் பிசின் தடவி, நரம்பின் மேல் குறுக்காக இழைப்பது. பிசின் ஏறிய மயிர் நரம்பைப் பற்றிக் கொஞ்சம் இழுக்கிறது, நரம்பு நழுவித் திரும்புகிறது, மறுபடி பிடிபடுகிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. மீட்டிய நரம்பின் நாதம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். வில் பட்ட நரம்போ கை ஓடும் வரை தேயாது. நடுவில் பெருக்கலாம், குறைக்கலாம், மூச்சு விடுவது போல நிறுத்தலாம். பாடும் குரலுக்கு அடுத்தபடியாக வில் கருவிகளைச் சொல்வது இதனால்தான்.

இராவணன் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னேரா 1782-இல் வெளியிட்ட தம் பயண நூலில் 'ராவணாஸ்திரம்' என்ற வில் கருவியைப் பற்றி எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய இசை அறிஞர் ஃபெத்தி அதை எடுத்துக்கொண்டு, உலகத்து வில் கருவிகளுக்கெல்லாம் மூலம் இந்தியாவே என்று வாதாடினார். அந்தக் கூற்றுத்தான் சுற்றிச் சுற்றி இன்று நம் கைப்பேசிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. வில்லால் வாசித்ததற்கு நம்பத்தகுந்த பழைய சான்றுகள் 10-ஆம் நூற்றாண்டை ஒட்டி நடு ஆசியாவிலும் அரபு உலகிலும் கிடைக்கின்றன. நம் நாட்டில் 13-ஆம் நூற்றாண்டில், தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் பினாகி வீணை என்ற கருவியை விவரிக்கிறார். குதிரை வால் மயிர் கட்டிய வில்லால் அதை வாசிக்க வேண்டும் என்கிறார். வயலின் இங்கே வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இசை இலக்கணம் எழுதிய ஒருவருக்கு வில் தெரிந்திருந்தது. நமக்குப் பெருமை வேண்டுமானால் இந்தச் சான்றே போதும், இராவணன் தேவையில்லை.

ஆனால் இராவணன் பெயரைத் தாங்கிய கருவி உண்மையிலேயே உண்டு. ராஜஸ்தானத்து ராவணஹத்தா. பாதித் தேங்காய்ச் சிரட்டை, அதன் வாயில் இழுத்துக் கட்டிய ஆட்டுத் தோல், மூங்கில் தண்டு; அவ்வளவுதான் உடல். முக்கியமான தந்திகள் இரண்டில் ஒன்று குதிரை மயிரால் ஆனது. மயிரின் மேல் மயிர் இழைவதால் அந்த நாதத்தில் லேசான கரகரப்பு இருக்கும். நெடுநேரம் பேசிய முதியவரின் தொண்டை போல. வில்லில் சலங்கைகள் தொங்கும். வில்லைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அவை குலுங்குவதால், பாட்டை வாசிக்கும் அதே கை தாளத்தையும் போட்டுவிடும். பாபூஜி என்ற நாட்டுத் தெய்வத்தின் கதையைத் தீட்டிய நீண்ட துணி ஓவியத்தை இரவில் விரித்துக் கட்டி, போப்பா எனப்படும் பூசாரி இதை வாசித்தபடி ஆடிப் பாடுவார். அவர் பாடும் இடத்தில் மனைவி விளக்கைக் காட்டுவார். வெளிச்சம் விழும் படம் மட்டும் அந்த நேரத்துக்குக் கதையாகிறது. ஒற்றை ஆள் கையில் பாட்டு, தாளம், பூசை மூன்றையும் ஏற்றிவைத்த கருவி இது.

ஜெய்சல்மேர், பார்மேர் பகுதிகளில் மாங்கணியார் சமூகத்தினரிடம் கமாய்ச்சா இருக்கிறது. மாமரத்தில் குடைந்த பெரிய வட்டக் குடம், மேலே தோல், அதன் மேல் குடல் நரம்புகள். ஆழமான, பருத்த நாதம். 2013-இல் மறைந்த சாக்கர் கான் இதில் பெரிய மேதை. முந்தைய ஆண்டுதான் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிழக்கே சந்தாலிப் பழங்குடியினரின் பானம் என்ற கருவி, ஒரே மரத்துண்டில் குடைந்தது. பலவற்றில் தலைப்பகுதியை மனித உருவமாகவே செதுக்கிவிடுகிறார்கள். மணிப்பூரின் பெனா, லாய் ஹராவ்பா விழாவில் தெய்வங்களை எழுப்ப ஒலிப்பது. வடக்கே தில்ருபா, எஸ்ராஜ் என்று மெட்டுகளும் (சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டைகள்) வில்லும் சேர்ந்த ஒரு குடும்பம் உண்டு. சீக்கியரின் கீர்த்தன மரபில் ஒலித்த, மயில் வடிவிலான தாவூஸ் அதில் அழகானது.

நமக்கு மிக அருகில் இருப்பது கேரளத்தின் புள்ளுவ வீணை. ஒற்றைத் தந்தி, மரத்தில் குடைந்த சிறிய கிண்ணத்தின் மேல் உடும்புத் தோல் போர்த்தியது, ஒரு சிறிய வில். சர்ப்பக் காவில் தரையில் வண்ணப் பொடியால் களம் எழுதி, புள்ளுவரும் புள்ளுவத்தியும் நாகப் பாட்டுப் பாடும்போது இது கூடவே ஒலிக்கும். குழந்தைகளுக்குக் கண்ணேறு கழிக்கும் பாட்டுக்கும் இதுவே துணை. ஒரு தந்திதான் என்றாலும் பாடுபவரின் குரல் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அது வளையும். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வில் கருவி வாசிக்கும் வழக்கம் தென்னாட்டுக்குப் புதிதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சாரங்கியைத் தனியாகச் சொல்ல வேண்டும். செவ்வியல் மேடையில் ஏறி, வயலினுக்கு நேர் நிகராக நிற்கக்கூடிய நம் வில் கருவி அதுதான்.

ஏறத்தாழ இரண்டடி உயரமுள்ள ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்கிறார்கள். அடிப்பாகத்தில் தோல். வாசிக்கும் நரம்புகள் மூன்று, தடித்த குடல் நரம்புகள். அவற்றுக்கு அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய உலோகத் தந்திகள். அவற்றை யாரும் தொட்டு வாசிப்பதில்லை. மேலே ஒரு சுரம் ஒலித்தால் அதே சுரத்துக்குச் சுருதி கூட்டிய தந்தி கீழே தானாக அதிரும். 'தரப்' என்று பெயர். பாடகர் ஒரு நிஷாதத்தில் ('நி' என்ற சுரம்) நின்று விலகிய பிறகும் அந்த நிஷாதம் கருவிக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

ஒருமுறை ஒரு சாரங்கிக் கலைஞருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான் பார்த்ததெல்லாம் அவருடைய இடது கையை மட்டும்தான். வயலினில் விரல் நுனியால் தந்தியைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறோம். அவர் நரம்பை அழுத்தவே இல்லை. நகம் தோலிலிருந்து புறப்படும் இடத்தை நரம்பின் பக்கவாட்டில் வைத்து, அப்படியே மேலும் கீழும் வழுக்கினார். அவ்விடத்தில் மூன்று விரல்களிலும் நகத்தடியே பள்ளம் விழுந்து காய்த்திருந்தது. விரல் தடையில்லாமல் ஓட அவ்வப்போது பவுடர் தொட்டுக்கொண்டார். கச்சேரி தொடங்குவதற்கு முன், அந்த முப்பது சொச்சம் தந்திகளையும் அன்றைய ராகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகக் கூட்டினார். நெடுநேரம் ஆனது. அவர் முகத்தில் அவசரமே இல்லை. அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இந்தக் கருவி ஏன் நம் மேடைக்கு வரவில்லை என்பதற்கு ஒரு பாதி விடை எனக்குக் கிடைத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

வயலின் வந்த கதை ஓரளவு தெளிவாகவே தெரியும். ஐரோப்பியர் வந்த கடற்கரைகளிலெல்லாம் அது தேவாலயங்களோடும் படைகளோடும் வந்திருந்தது. அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் நிற்பவர் பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, 1786-இல் பிறந்தவர். அவர்களுடைய தந்தை ராமசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தார். அந்தத் தொடர்பால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட மேற்கத்திய இசையைச் சகோதரர்கள் கேட்டார்கள். அண்ணன் அந்தப் பாட்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். அவைதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டு அதில் 'ஸந்ததம் பாஹிமாம்' ஆனது. தம்பிக்கு முதலியார் ஓர் ஐரோப்பிய வயலின் கலைஞரை ஆசிரியராக அமர்த்திக் கொடுத்தார். சுமார் மூன்று ஆண்டுகள் கற்றுக்கொண்டு, கற்றதைக் கொண்டு நம் இசையை வாசிக்கத் தொடங்கினார் பாலுசுவாமி. பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். அவருடைய பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியால்தான் இந்தக் குடும்பத்தின் வரலாறு நமக்கு இவ்வளவு தெரிகிறது.

அடுத்தவர் வடிவேலு, தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நடனச் சகோதரர்களில் இளையவர், முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருடைய வயலினில் மயங்கி, 1834-இல் தந்தத்தால் ஆன ஒரு வயலினைப் பரிசளித்தார். தஞ்சை அரண்மனையில் இருந்த வராகப்பய்யரும் வயலின் கற்றவர். ஆக, மணலியில் ஒரு சிறுவன் கற்றுக்கொண்ட கருவி, ஒரு தலைமுறை முடிவதற்குள் எட்டயபுரம், தஞ்சாவூர், திருவனந்தபுரம் என்று தென்னாட்டு இசையின் முக்கியமான அரண்மனைகளுக்குள் நுழைந்துவிட்டது.

இனி, ஏன் வயலின் என்ற கேள்வி.

வயலினின் விரற்பலகை வெறுமையானது, மெட்டுகள் இல்லை. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் நம் கமகங்களுக்கு இது உயிர். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமில்லை, ஊசலாடிக்கொண்டே இருப்பது. வீணையில் அதைத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வரவழைக்கிறோம். மெட்டு இல்லாத பலகையில் விரலே அந்த ஊசல். அடுத்தது அளவு. நான்கு தந்திகளுக்குள் பாடகரின் மூன்று ஸ்தாயியும் அடங்கிவிடுகின்றன. ஐரோப்பியர் தந்திகளை ஒரே இடைவெளியில் பஞ்சமம் பஞ்சமமாகக் கூட்டுவார்கள். நாம் அதை சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிக்கொண்டு, பாடுபவரின் சுருதிக்கு இறக்கியோ ஏற்றியோ வைத்துக்கொண்டோம்.

பிடிக்கும் முறையையும் மாற்றினோம். நான் இதைச் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிப்பவரின் இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலையிலும் பங்கு உண்டு. நாம் தரையில் சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்னால் விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலின் மேல் வைத்து, அடிப்பாகத்தை இடது மார்போடு சேர்த்துக்கொள்கிறோம். கருவி இரண்டு பக்கமும் அசையாமல் நின்றுவிடுகிறது. இடது கைக்கு எந்தப் பாரமும் இல்லை. விரல் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே இழுப்பில் போய் வரலாம். வாசிக்க உட்காரும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கமும் இதற்காகத்தான். என் ஆசிரியர் முதல் ஆறு மாதம் எனக்கு வேறு எதையும் பெரிதாகச் சொல்லித்தரவில்லை. அவர் கடைசி வரை பிடில் என்றுதான் சொன்னார். "பிடிலைக் கையால் பிடிக்காதே, கால் பிடித்துக்கொள்ளும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது அந்தப் பாதி விடை. சாரங்கியின் பேரழகே அந்தத் தரப் தந்திகள்தான். கயால் என்ற வட இந்திய இசை வகையைப் பாடுபவர் ஒரே ராகத்தில் ஒரு மணி நேரம் திளைக்கிறார். கூட்டி வைத்த தந்திகள் அந்த ஒரு மணி நேரமும் அவருக்குத் துணை நிற்கும். நம் கச்சேரியில் ஹம்சத்வனி ராகம் முடிந்ததும் ரீதிகௌளை வரும், அது முடிந்ததும் பந்துவராளி. ஒவ்வொரு பாட்டுக்கும் முப்பது தந்திகளை மாற்றிக் கூட்ட முடியாது. கூட்டாவிட்டால் அடியில் வேண்டாத சுரங்கள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு இன்றைய விறுவிறுப்பான அமைப்பைக் கொடுத்தபோது, நான்கே தந்திகளோடு எந்த ராகத்துக்கும் உடனே திரும்பக்கூடிய வயலின் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது.

ஆனால் இது வயலின் நிலைத்ததற்கான காரணம். முதலில் ஏற்கப்பட்டதற்கு இது போதாது. பாலுசுவாமியின் காலத்தில் கச்சேரி இந்த வடிவத்தில் இல்லை. மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே சொன்ன கருவிகளை யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். போப்பாக்கள், மாங்கணியார்கள், சந்தாலிகள், புள்ளுவர்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள், வாசலுக்கு வெளியே நின்று பாடியவர்கள். சாரங்கியோ கணிகையர் இல்லங்களோடு சேர்த்தே பேசப்பட்டு, வடக்கிலேயே அதற்குரிய மதிப்பை இழந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் அதன் இடத்தை ஹார்மோனியம் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் கருவிக்கும் சாதி உண்டு. புள்ளுவ வீணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அரண்மனை வித்துவான் அதைத் தொட்டிருக்க மாட்டார். வயலின் இங்கே யாருடைய கருவியாகவும் இல்லாமல், அதிகாரத்தில் இருந்தவர்களின் கையிலிருந்து வந்தது. தீட்சிதர் குடும்பமும் எடுத்துக்கொள்ளலாம், நட்டுவனார் மரபில் வந்த வடிவேலுவும் எடுத்துக்கொள்ளலாம், ஒருவருக்கும் தாழ்வில்லை.

தோலும் குடலும் தீட்டு என்பதால்தான் அந்தக் கருவிகளை விலக்கினார்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் நிற்காது. மிருதங்கத்தில் தோல் இருக்கிறது. அன்றைய வயலினின் நரம்புகளும் ஆட்டுக் குடலில் முறுக்கியவைதான். பொருளில் தீட்டுப் பார்க்கப்படவில்லை. அதை வாசித்த மனிதர்களிடம் பார்க்கப்பட்டது.

வந்த பிறகு வயலின் இங்கே அடைந்த வளர்ச்சி நம் இசைக்காரர்களின் தனிச் சாதனை. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரும் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் அதைப் பக்கவாத்தியங்களில் தலையாயதாக்கினார்கள். துவாரம் வெங்கடசாமி நாயுடு தனிக் கச்சேரி வாசித்து, அது துணைக்கு மட்டுமான கருவி இல்லை என்று காட்டினார். மைசூர் சௌடய்யா தந்திகளை ஏழாக்கி நாதத்தைப் பெருக்கினார். பெங்களூரில் அவர் பெயரில் இருக்கும் மண்டபமே வயலின் வடிவில் நிற்கிறது. லால்குடி ஜெயராமன் வாசித்தால் சாகித்தியத்தின் சொற்கள் எங்கே பிரிகின்றன என்பது கூடக் காதில் விழும். பிறந்த நாட்டில் யாரும் நினைத்துப் பார்த்திராத ஒரு மொழியை இவர்கள் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

சாரங்கியைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோன ராம் நாராயண் 1927-இல் பிறந்து 2024-இல் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. கேட்க விரும்பினால் என் யோசனை இது: முதலில் அவருடைய ஆலாபனை ஒன்று, உடனே லால்குடியின் தோடி, அதன் பிறகு சாக்கர் கானின் கமாய்ச்சா. மூன்றையும் ஒரே மாலையில், அடுத்தடுத்துக் கேளுங்கள். கமாய்ச்சாவை மட்டும் சற்று ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும்; அந்தக் குடத்துக்குள் சுழலும் அடிநாதம் சிறிய ஒலிபெருக்கியில் காணாமல் போய்விடும்.